பெங்களூர்க் கரகம்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்களிடம் இந்நகரின் தலையாய திருவிழா எதுவென்று வினவினால் விடைகள் பலவாக வரும். சிவாஜி நகர்ப் பகுதியினர் செப்டம்பர் 8 ஆம் நாள் மரியன்னையின் தேர்ப் பவனியைச் சொல்வர். தெற்கே பசவனகுடியில் இருப்போர் கார்த்திகைத் திங்களின் கடலைக்காய்ச் சந்தையைச் சொல்வர். பழைய நகரமாகிய பேட்டையில் வாழ்வோர் மட்டும் சற்றும் தயங்காமல் ‘கரகம்’ என்பர். அச்சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது ஊர்க்கோயிலில் நையாண்டி மேளத்துக்கு இசைய ஆடும் கரகாட்டமே. அதுவன்று இது. இக்கரகத்தைச் சுமப்பவர் ஆடவர். அவர் பூணுவது பெண்கோலம். அவருக்கு முன்னும் பின்னும் உருவிய வாளோடு நடப்பவர் பல நூற்றுவர். நடக்கும் வேளையோ நள்ளிரவுக்குப் பின். அன்றிரவு பேட்டையின் குறுந்தெருக்கள் உறங்குவதில்லை. இவ்விழாவை நடத்தும் உரிமையுடையோர், பல தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழ்நிலத்திலிருந்து இங்கு வந்து தோட்டப் பயிர் செய்த மக்களின் வழியினர் ஆவர். பிற மாநிலங்களில் குடியமர்ந்த நாம் இதனை அறிந்துகொள்ள வேண்டியதற்கு அதுவே போதிய காரணம்.

முதலில் நாளைப் பற்றி ஒரு சொல். விழா சைத்திர மாதத்து முழுமதியில் நிகழ்வது. இதனைச் சித்திரா பௌர்ணமி என்று எண்ணிவிடுதல் தமிழர்க்கு எளிது. கன்னட நாட்டில் மாதக் கணக்கு நிலவைப் பற்றியது. யுகாதியன்று சைத்திரம் பிறக்கிறது. நம் சித்திரையோ கதிரவன் மேட ராசியிற் புகும்போது பிறப்பது. ஆதலால் சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாய் அமையும். 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அவ்வாறு அமைந்தது. வேறு சில ஆண்டுகளில் கரகம் ஒரு திங்கள் முந்திவிடும். 2025 இல் கரகம் ஏப்ரல் 12 இல் நடந்தேறியது, சித்திரா பௌர்ணமி மே 12 இல் வந்தது. யுகாதி கழிந்து வரும் முதல் முழுமதி என்று நினைவிற் கொள்வதே பிழையற்ற வழி.

கெம்பெ கௌடர் 1537 இல் கோட்டையையும் பேட்டையையும் நிறுவியபோது இரு பெருந்தெருக்களை வகுத்தார் என்பர். வடக்குத் தெற்காகச் சென்ற தொட்டப்பேட்டைத் தெருவே இன்று புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன அவென்யூ சாலை. கிழக்கு மேற்காகச் சென்றது சிக்கப்பேட்டைத் தெரு. இவற்றைச் சூழ்ந்து தொழிலுக்கு ஒன்றாகப் பேட்டைகள் எழுந்தன. எண்ணெய் ஆட்டுவோர்க்குக் காணிகர் பேட்டை, அரிசிக்கு அக்கிப்பேட்டை, வளையலுக்குப் பளேப்பேட்டை, பருத்திக்கு அரளேப்பேட்டை எனப் பெயர்கள் அமைந்தன. இறுதியிற் சொன்னதை ஆங்கிலேயர் காட்டன்பேட்டை ஆக்கிவிட்டனர். தோட்டக்காரர்க்கு உரியது திகளர்பேட்டை. அங்கேதான் தருமராயர் கோயில் உள்ளது. பாண்டவரில் மூத்தவர் பெயரால் கோயிலா என்று வடநாட்டார் வியக்கக்கூடும். நமக்கு அது வியப்பன்று. வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயிலைத் ‘தருமராஜா கோயில்’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. பெயர் ஒன்றே விழாவின் ஊற்று எத்திசையில் இருக்கிறதென்று காட்டிவிடுகிறது.

திகளர் என்பவர் யார்? பழங்கன்னடத்தில் ‘திகுள’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்றே பொருள். தமிழ் பேசி வந்தவர்களை உள்ளூரார் அழைத்த பெயர், நாளடைவில் ஒரு குலத்தின் பெயராகிவிட்டது. 1909 இல் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், மைசூர் நாட்டிற் குடியேறிய தமிழ்ப் பள்ளியர் என்றும், காய்கறித் தோட்டம் வைப்பதிற் கைதேர்ந்தவர் என்றும் இவர்களைக் குறித்திருக்கிறார். இவர்கள் தம்மை வஹ்னிகுல க்ஷத்திரியர் எனச் சொல்லிக்கொள்கின்றனர். வஹ்னி என்பது தீ. நம் நாட்டில் வன்னியர் கூறும் அக்கினிகுல மரபும் இதுவே. திரௌபதியும் வேள்வித் தீயிற் பிறந்தவள் அன்றோ! தீயின் குலத்தார் தீயின் மகளைத் தம் குலதெய்வமாகக் கொண்டதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அவர்கள் வீட்டு மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு பல குடும்பங்களில் நிலவியது. வெளியுலகில் அவர்கள் கன்னடரே. பள்ளியும் கணக்கும் அரசியலும் கன்னடத்தில். தமிழ் எழுத்தை அறிந்தவர் அவர்களிடையே அரியர். இதனைக் கேட்டு இரங்கும் நம்மவர் உண்டு. ஆயினும் விழாவில் வழங்கும் சொற்களைச் செவிகொடுத்துக் கேட்டால் வேறொன்று புலப்படும். கரகம் நம் சொல். விழாவின் எட்டாம் நாள் வழிபாடு ‘பொங்கலு’ சேவை. வீரகுமாரர் வாளால் மார்பில் அறைந்து கொள்ளும் சடங்கு ‘அலகு’ சேவை. ஏழாம் நாளிரவு எழுவது ‘ஹசி கரகம்’. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிவதை அறிந்தவர்க்கு, இது நம் பச்சைக் கரகமே என்று காண்பது அரிதன்று. பேச்சு மாறிய பின்னும் தெய்வத்துக்கு முன் பயிலும் சொற்கள் மாறவில்லை.

விழாவுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் கதை வியாசர் பாரதத்திலும் இல்லை, வில்லிபுத்தூரார் பாரதத்திலும் இல்லை. போர் முடிந்து, ஆண்டு முடிந்து, பாண்டவர் ஐவரும் திரௌபதியும் உலகைத் துறந்து வடக்கே நடக்கின்றனர். வழியில் திரௌபதி மூர்ச்சித்து விழுகிறாள். கணவர் திரும்பிப் பாராமல் சென்றுவிடுகின்றனர். இவ்வளவும் பாரதத்தில் உள்ளதே. மேல்வருவது கரகத்தாரின் சொத்து. விழுந்தவள் கண்விழித்துப் பார்க்கும்போது எதிரே திமிராசுரன் என்னும் அரக்கன் நிற்கிறான். திமிரம் என்பது இருள். துணையற்றவள் ஆதிசக்தியாய் உருக்கொண்டு தன் உடலிலிருந்தே வீரகுமாரர் படையைத் தோற்றுவிக்கிறாள். அவர்கள் அரக்கனை அழிக்கின்றனர். பின்னர் அவள் விண்ணுலகு புறப்பட, ‘எங்களைப் பிறப்பித்துவிட்டு நீங்கலாமோ’ என்று பிள்ளைகள் வழிமறிக்கின்றனர். ஆண்டுதோறும் சைத்திர முழுமதியை ஒட்டி மூன்று நாள் வந்து தங்குவேன் என்று அவள் வாக்களிக்கிறாள். அவள் வரும் வடிவே கரகம். திகளர் குலத்து ஆண்மக்கள் தம்மை அந்த வீரகுமாரராகவே கருதுகின்றனர். ஆகையால் இவ்விழாவில் அவர்கள் பக்தரல்லர், பிள்ளைகள். தாயை ஆண்டுக்கொருமுறை ஊர் சுற்றிக் காட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் கடமை. கதையின் நயம் இவ்விடத்தில் இருக்கிறதென்பது நம் கருத்து. ஐந்து கணவரும் கைவிட்டுச் சென்றவளை, கணவரல்லாத ஒரு கூட்டம் காத்து நிற்கிறது.

விழா சைத்திர வளர்பிறை ஏழாம் நாள் கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. கௌடர், கணாச்சாரி, கண்டே பூசாரி என்று கோயிற்கடமைகள் குடும்பங்களுக்கு வகுக்கப்பட்டுள்ளன. கரகம் சுமப்பவர் அக்குலத்திலிருந்தே தெரிந்தெடுக்கப்படுகிறார். அவர் நோன்பு நெடியது, பல திங்களுக்கு முன்பே உணவும் உறக்கமும் கட்டுப்பட்டுவிடும், உடற்பயிற்சியும் உண்டு. விழா நாட்களில் அவர் வீட்டில் தங்குவதில்லை, கோயிலே வீடு. மனைவியின் தாலியையும் வளையல்களையும் அவரே அணிந்துகொள்வது வழக்கம். மஞ்சள் நிறச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கைநிறைய வளையல், முழு மணப்பெண் கோலம். அதுவரை அந்த அம்மையார் கணவர் முகத்தைக் காண்பதும் இல்லை.

முழுமதி இரவில் கோயிலின் முன்னே நாம் நிற்கும்போது முதலில் கேட்பது இரைச்சலன்று, ஓர் எதிர்பார்ப்பின் முணுமுணுப்பு. மல்லிகையின் மணம் மூச்சை அடைக்கும். மாலை தொடங்கியே சுற்றுவட்டாரக் கோயில்களின் பல்லக்குகள் ஒளிவிளக்கோடு வந்து சேர்ந்துகொண்டிருக்கும். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு என்று நேரம் செல்கிறது. பிறகு திடீரென ‘கோவிந்தா, கோவிந்தா’ என்ற முழக்கம் உள்ளிருந்து வெடிக்கிறது. வீரகுமாரர் வெளியே பாய்கின்றனர். தலையில் பாகை, கையில் உருவிய வாள், திறந்த மார்பு. ‘திக்-தி, திக்-தி’ என்ற ஒலி அவர்கள் வாயில். அவர்களுக்கு நடுவே, தலைமேல் கூம்பிய மல்லிகைக் கோபுரத்தோடு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் மந்திரக்கோலும் பற்றியவராய்க் கரகதாரர் வருகிறார். வருகிறார் என்று சொல்வது போதாது; சிறு ஓட்டமாய்ச் சிலம்பொலியோடு பறந்து செல்கிறார். தலைச்சுமையைக் கை தொடுவதில்லை. பூக்கோபுரத்தின் உள்ளே இருப்பது மண்கலம். அதனுள் இருப்பது என்ன என்பதைக் குலத்தார் பிறருக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்கலாகாது. கரகம் சரிந்து விழுமாயின் அவரைச் சூழ்ந்துள்ள வாள்களே அவரை வெட்டவேண்டும் என்பது மரபின் விதி. காக்கும் வாளும் தண்டிக்கும் வாளும் ஒன்றுதான். இதனை அறிந்தபின் அவர் ஓட்டத்தைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இரவு முழுதும் அந்த ஊர்வலம் பேட்டை பேட்டையாகச் செல்கிறது. நகரத்துப்பேட்டை, அல்சூர்ப்பேட்டை, அவென்யூ சாலை, 1928 இல் எழுந்த கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட், காட்டன்பேட்டை, கப்பன்பேட்டை என அதன் வழி நீள்கிறது. வழியெங்கும் வீட்டு வாயிலில் கோலமும் கற்பூரமும் காத்திருக்கும். ஒவ்வொரு பேட்டைக் கோயிலிலும் ஒரு நிறுத்தம். பழைய நகரின் எல்லையை ஆண்டுக்கொருமுறை காலால் அளந்து பார்ப்பதே இவ்வூர்வலத்தின் மற்றொரு பயன் எனலாம். வரைபடத்தில் இன்றைய பெங்களூர் பன்மடங்கு பெருகிவிட்டது. கரகம் அளப்பது கெம்பெ கௌடரின் பெங்களூரை.

காட்டன்பேட்டையில் நிற்கும் நிறுத்தம் கோயில் அன்று, தவக்கல் மஸ்தான் தர்கா. ஹைதர் அலி காலத்தில் இங்கு வந்து தங்கிய இறையடியார் இவர் என்பர். கரக ஊர்வலத்தைக் காண வந்த அவர் கூட்ட நெரிசலில் காயமுற்றார் என்றும், கோயிலின் குங்குமத்தை இட்டதும் புண் ஆறியது என்றும், தம் காலத்துக்குப் பின்னும் கரகம் தம் அடக்கத்தலத்துக்கு வந்து செல்லவேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கரகம் தர்காவினுள் சென்று வருகிறது, அங்குள்ளோர் வரவேற்கின்றனர்.

இந்நகரத்தார் பலர் இதனைப் பெங்களூரின் தனிச்சிறப்பு என்று எழுதுகின்றனர். நாம் அவ்வாறு முழுதும் ஒப்புவதற்கில்லை. செஞ்சிக்கு அருகே மேலச்சேரி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலையே இவ்வழிபாட்டின் ஆதி இடமாக அவ்வட்டாரத்தார் கொள்கின்றனர். ஆல்ஃப் ஹில்டிபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்து 1988 தொடங்கித் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெருநூல்கள் வெளியிட்டார். அவர் விரிவாக எழுதியவற்றுள் ஒன்று, அக்கோயில்களில் அம்மனுக்குக் காவலாய் நிற்கும் முத்தால் ராவுத்தர் பற்றியது. பெயரே சொல்வதுபோல் அவர் ஒரு முஸ்லிம் வீரர். போத்துராஜா ஒரு புறமும் முத்தால் ராவுத்தர் ஒரு புறமுமாகத் திரௌபதியைக் காப்பது வடதமிழ்நாட்டு ஊர்களில் காணும் காட்சி. அம்மனின் எல்லையில் ஒரு முஸ்லிம் காவலர் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தைத் திகளர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கக்கூடும். இங்கு வந்தபின் அவ்விடத்தில் ஒரு மெய்யான இறையடியார் அமர்ந்தார். இது நம் ஊகமே. ஆயினும் செஞ்சியிலும் காட்டன்பேட்டையிலும் ஒரே அமைப்புக் காணப்படுவது தற்செயல் என்று தள்ளுதற்கரியது.

2022 ஆம் ஆண்டில் அவ்வமைப்புக்கு ஒரு சோதனை வந்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டும் கரகம் மக்கள் கூட்டமின்றிக் கோயிலளவில் சடங்காக மட்டும் நடந்திருந்தது. அடுத்த ஆண்டு தெருவுக்கு மீளும் வேளையில், மாநிலத்தில் மதப் பூசல் மிகுந்திருந்த சூழலில், கரகம் தர்காவுக்குச் செல்லலாகாது என்று சில அமைப்பினர் வற்புறுத்தினர். தர்காவைச் சேர்ந்தோர் கோயிலுக்கு வந்து எப்போதும்போல் வரவேண்டும் என்று அழைத்தனர். கோயிலார் முன்னோர் வழக்கத்தை மாற்றுவதற்கில்லை என்றனர். ஏப்ரல் முழுமதியிரவில் கரகம் வழக்கம்போல் காட்டன்பேட்டைக்குச் சென்று திரும்பியது. பெரிய சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. வழி முன்னமே வகுக்கப்பட்டிருந்தது. வாளேந்தியவர் அவ்வழியே நடந்தனர்.

இரவில், தெருவில், கோலம் பூண்டு, ஊரையே தம் வசமாக்கும் விழாக்கள் உலகில் வேறிடங்களிலும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே கட்டலோனியா என்னும் பகுதியில் ‘கொரெஃபோக்’ என்று ஒரு விழா எடுக்கின்றனர். தீயோட்டம் என்று நாம் மொழிபெயர்க்கலாம். அங்கே தெருவில் வருவது தெய்வமன்று, பேய்கள். கொம்பு வைத்த முக்காடும் தடித்த பருத்தியாடையும் பூண்ட ஊர்மக்கள், நீண்ட கோலின் முனையில் சுழலும் வாணங்களைப் பொருத்திப் பற்றவைத்துக்கொண்டு பறைமுழக்கத்துடன் ஓடிவருகின்றனர். நெருப்புமிழும் பூதவுருக்களும் உடன் வருகின்றன. பார்க்க வந்தோர் ஒதுங்கி நிற்பதில்லை. தொப்பியும் கழுத்துத் துணியும் அணிந்து தீப்பொறி மழையின் கீழே புகுந்து ஆடுகின்றனர். பார்சிலோனா நகரில் செப்டம்பர்த் திங்களில் மெர்சே அன்னையின் திருவிழாவில் இது பெருஞ்சிறப்பாக நடைபெறுகிறது.

இவ்விழாவின் வரலாறு நமக்குப் பயனுடையது. பேய்க்கூத்து அந்நாட்டில் பழமையானது; மிக்கேல் தேவதூதரும் லூசிபரும் பொருதும் நாடகமாக அது திருவிழாக்களில் ஆடப்பட்டு வந்தது. ஆனால் தீயோட்டம் என்னும் இன்றைய வடிவம் பழையதன்று. 1975 இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ மறைந்தார். அவர் ஆட்சியில் கட்டலான் மொழிக்குப் பொதுவாழ்வில் இடமில்லாதிருந்தது. 1979 இல் மக்கள் வாக்களித்து நகர மன்றங்கள் அமைந்தன. அவ்வாண்டு மெர்சே விழாவில் பார்சிலோனாவில் முதல் தீயோட்டம் நடந்தது. பழைய பேய்களை எடுத்து ஒரு புதிய விழாவைக் கட்டினார்கள். தெருவைத் திரும்பப் பெற்றவர்கள் அதை முதலில் பேய்களுக்கு விட்டுக்கொடுத்தது சுவையான செய்திதான்.

அங்கே பேய் வருகிறது, காப்பவர் பின்னணியில் இருக்கின்றனர். பெங்களூரில் காப்பவர் வருகின்றனர், அரக்கன் கண்ணில் படுவதில்லை. திமிராசுரனுக்கு ஊர்வலத்தில் வேடமில்லை. அவன் பெயரின்படி இருளாகவே இருந்துவிடுகிறான் போலும். நம் தாய்நிலத்திலோ பகைவனையும் வேடமிட்டுக் காண்கிறோம். திரௌபதியம்மன் விழாவின் இறுதியில் ‘படுகளம்’ என்று ஒரு காட்சி உண்டு. மண்ணால் துரியோதனன் உருவை மல்லாந்து கிடக்கும் நிலையில் பல முழ நீளத்துக்குச் செய்வர். கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த கூத்தர் துரியோதனனாகவும் வீமனாகவும் அதனைச் சுற்றி ஓடித் தண்டாயுதம் சுழற்றுவர். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தலை முடிப்பாள். அன்று மாலையே தீமிதி. கட்டலான் பேய்களைக் கண்ட ஒருவர் நம் படுகளத்தைக் கண்டால் அந்நியமாக உணரமாட்டார். கரகத்தைக் கண்டால் சற்றுத் திகைப்பார். ஏனெனில் கரகம் கூத்தன்று. அங்கே யாரும் யாராகவும் நடிப்பதில்லை. கரகதாரர் அன்றிரவு திரௌபதியே என்பதில் அவர் குலத்தாருக்கு ஐயமில்லை.

இத்துணைக் காவல் எதற்கு என்ற வினா எழலாம். ஒருகாலத்தில் திகளர்க்குக் காக்கவேண்டிய பொருள் நிறைய இருந்தது. ஹைதர் அலி 1760 இல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்நிலத்துத் தோட்டக்காரரை அழைத்துவந்தார் என்பர். அதற்கு முன்பும் பின்பும் ஏரிக்கரைகளை ஒட்டி அவர்கள் பூவும் கீரையும் காயும் பயிரிட்டனர். நகரின் சமையலறைகளுக்கும் கோயில்களுக்கும் வேண்டியவை அத்தோட்டங்களிலிருந்து வந்தன. 1890 களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்ததும் ஏரிகளின் மதிப்புக் குறைந்தது. தருமாம்புதி ஏரி இன்று கெம்பெ கௌடர் பேருந்து நிலையம். வெளியூரிலிருந்து வரும் நம்மவர் பலர் முதலடி வைப்பது ஒரு பழைய ஏரிப்படுகையில். சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கம் ஆயிற்று. அந்த ஏரியிலிருந்துதான் பச்சைக் கரகம் எழவேண்டும். ஏரி போனபின் என் செய்வது? அரங்கத்தின் அருகே ஒரு சிறு குளமளவு நீர் மட்டும் கரகத்துக்கென விடப்பட்டிருக்கிறது. ஏழாம் நாளிரவு அங்கிருந்தே கரகம் எழுந்து கோயில் சேர்கிறது. ஏரியைக் காக்க இயலாத மக்கள் ஏரியின் ஒரு கைப்பிடியைக் காத்துக்கொண்டனர். 2001 இல் ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் என்னும் ஆய்வாளர் இக்கரகத்தை மையமாக வைத்து எழுதிய நூல், மறைந்த ஏரிகளையும் தோட்டங்களையும் நகரம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதையே ஆராய்கிறது.

மொழியும் தோட்டமும் போயின, விழா நின்றது. இது எதனால் இயன்றது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஆராய்ச்சி வினாவன்று. 1991 டிசம்பரில் காவிரி நீர்த் தகராறு முற்றியபோது இந்நகரில் தமிழர் பட்ட துன்பத்தை மறந்தவர் இலர். அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டிலும் தமிழ்நிலத்திலிருந்து வந்த திரௌபதி ஒவ்வொரு சைத்திர முழுமதியிலும் அவென்யூ சாலை வழியே நடந்துதான் சென்றாள். யாரும் அவளை வெளியூராள் என்று சொல்லவில்லை. பேட்டையின் கன்னட வணிகரும், தெலுங்குக் கைவினைஞரும், மராட்டியரும், காட்டன்பேட்டை முஸ்லிம்களும் அவள் தங்கள் வாயிலில் நின்று செல்லவேண்டும் என்று எதிர்பார்த்திருந்தனர். சிலை ஒரு மொழியின் பெருமைக்காக எழுந்தது. அது தவறென்று நாம் கூறவில்லை. கரகமோ பிறர் வாயிலுக்குச் சென்று நின்றது. தர்காவில் ஒரு நிறுத்தம், வணிகர் கோயிலில் ஒரு நிறுத்தம் எனப் பல நூறு வாயில்களோடு உறவு கொண்டபின், அதனை நிறுத்துவதாயின் ஊரே நின்றாக வேண்டும்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. திகளர் வீட்டுப் பிள்ளை பாரதக் கூத்தின் தமிழைப் படித்தறிய இயலாதவனாய் வளர்கிறான். வேறு நாடுகளுக்குச் சென்ற தமிழர் கதை சற்று வேறு. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்து வருகிறது. அங்கும் திரௌபதிக்குத் தனிச்சந்நிதி உண்டு. தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் நிற்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாய் ரெயூனியன் தீவுக்குச் சென்றோரின் வழியினர் இன்று பிரெஞ்சும் கிரியோலுமே பேசுகின்றனர். ஆயினும் திரௌபதியின் பெயரால் தீயில் இறங்குகின்றனர். இலங்கையின் கிழக்கே பாண்டிருப்பில் வனவாசமும் தீப்பள்ளயமும் தமிழிலேயே நிகழ்கின்றன. மொழி நிற்கும் இடமும் உண்டு, போகும் இடமும் உண்டு. திரௌபதி இரண்டிடத்தும் நிற்கிறாள். அவளிடம் மொழியையும் சேர்த்துக் காக்கும்படி கேட்பது நியாயமன்று. அது நம் வேலை.

கரகம் காண வர விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மெட்ரோவில் வருவோர் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்கித் திகளர்பேட்டைக்கு நடந்து செல்லலாம். கோயில் முன் நெரிசல் மிகுதி. குழந்தைகளையும் முதியோரையும் உடன் அழைத்து வருவோர் ஊர்வலம் கடந்து செல்லும் அகன்ற தெரு ஒன்றில் நிற்பது நலம். வெளியே புறப்படும் நேரம் இத்தனை மணி என்று உறுதிகொள்ளற்க. தெய்வம் தலைமேல் அமர்ந்தபின் அவர் புறப்படுவார், அவ்வளவே. வீரகுமாரர் ஓடிவரும்போது வழியை விட்டு ஒதுங்கவேண்டும், வாள்கள் மெய்யானவை. கையில் சிறிது மல்லிகை வைத்திருங்கள். தெருவார் தூவும்போது நீங்களும் தூவலாம். எந்த மொழியினர் என்று எவரும் கேட்கமாட்டார்.

விடிந்தபின் கரகம் கோயில் திரும்புகிறது. தெருவெங்கும் மிதிபட்ட மல்லிகை கிடக்கும்; மார்க்கெட்டில் பூக்கடைகள் அதற்குள் திறந்திருக்கும். மறுநாளிரவு போத்தராஜா கதை. அதற்கடுத்த நாள் வசந்த உற்சவம். மஞ்சள் நீரை ஒருவர்மேல் ஒருவர் தெளித்துக்கொண்டபின் கொடி இறங்குகிறது. கரகம் சுமந்தவர் சேலையையும் வளையலையும் களைந்து தம் வீட்டுக்குச் செல்கிறார். தாலி அவர் மனைவியின் கழுத்துக்கு மீள்கிறது.